ஜெனரல் சார் வகுப்பெடுக்கலாமா?

ராணுவத்தில் முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு வருகிற பெரிய அதிகாரி ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வார்? நம் சினிமா சொல்லும் பதில்: முறுக்கு மீசையோடு ஊட்டி பங்களாவில் உட்கார்ந்துகொண்டு, மகளைக் காதலிக்கும் ஹீரோவை இரட்டைக்குழல் துப்பாக்கியோடு துரத்துவார். டி.வி. சொல்லும் பதில்: ராத்திரி ஒன்பது மணிக்கு எட்டு ஜன்னல்களில் ஒரு ஜன்னலுக்குள் உட்கார்ந்து, விளம்பர இடைவேளைக்குள் பக்கத்து நாட்டை ஒழித்துக்கட்டுவார்.

இந்த இரண்டும் இல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய் மாணவர்கள் முன்னால் நின்றவர்கள் சிலர் இருக்கிறார்கள். அது சரியா, தப்பா, சரியென்றால் எந்த அளவுக்குச் சரி என்பதுதான் இங்கே விஷயம். எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு மதிய இடைவேளை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். அங்கே மணி அடித்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதெல்லாம் இங்கே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் பக்கத்து ஊர் உதாரணம். லெப்டினன்ட் ஜெனரல் பி.ஆர்.சங்கர். இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படைக்குத் தலைமை இயக்குநராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் துறையில் பேராசிரியர் ஆனார். காஞ்சிபுரத்திலிருந்து கிண்டிக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு பக்கத்தில் நடந்த சங்கதி, ஆனால் தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

பீரங்கிக்காரருக்கு விண்வெளித் துறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரியவேண்டும்.

1986-ல் இந்தியா சுவீடனிடமிருந்து 410 போஃபர்ஸ் பீரங்கிகளை வாங்க ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருஷமே கமிஷன் ஊழல் வெடித்தது, ஆட்சியே ஆட்டம் கண்டது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம் அதற்குப் பிறகு நடந்ததுதான். பீரங்கி என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகள் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட முப்பது வருஷம் நம் ராணுவத்துக்குப் புதிய 155 மி.மீ. பீரங்கி ஒப்பந்தம் எதுவும் கடைசிவரை கைகூடவில்லை. நடுவில் 1999-ல் கார்கில் சண்டை. அதில் மலைமேல் இருந்த எதிரியை நொறுக்கியது அதே போஃபர்ஸ்தான். ஊழல் பெயரெடுத்த பீரங்கிதான் மானத்தையும் காப்பாற்றியது.

அந்த வறட்சி முடிந்த காலத்தில் பீரங்கிப் படையின் நவீனமயமாக்கல் வேலையில் இருந்தவர் சங்கர். போஃபர்ஸின் வரைபடங்களை வைத்து உள்நாட்டிலேயே செய்த தனுஷ், 2016 நவம்பரில் அமெரிக்காவோடு ஒப்பந்தமான 145 எம்-777 இலகுரக பீரங்கிகள், 2017-ல் எல் அண்ட் டி-யிடம் சொல்லிவைத்த 100 கே-9 வஜ்ரா என்று அடுத்தடுத்து வந்தவற்றின் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. ஒரு பொருள் காகிதத்திலிருந்து களத்துக்கு வருவதற்குள் எத்தனை மேஜைகளில் தூங்கும் என்பதைக் கூடவே நடந்து பார்த்தவர் என்று சொல்லலாம்.

இப்போது ஐ.ஐ.டி. அங்கே ஒரு குழு, ராம்ஜெட் பொருத்திய 155 மி.மீ. குண்டு என்ற யோசனையில் வேலை செய்துவருகிறது. ராம்ஜெட் என்பது ரொம்ப எளிமையான எஞ்சின். சுழலும் விசிறி, டர்பைன் எதுவும் கிடையாது. முன்னால் வேகமாக வந்து மோதும் காற்றே தன்னைத்தானே அழுத்திக்கொள்ளும். அதில் எரிபொருளை எரித்துப் பின்னால் தள்ளினால் உந்துவிசை. ஒரே ஒரு சிக்கல், நின்ற இடத்தில் அது வேலை செய்யாது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்துக்கு யாராவது முதலில் தள்ளிவிட்டால்தான் அதற்கு உயிர் வரும். நம் ஊர் பழைய அம்பாசிடர் மாதிரி, தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். ஏவுகணையில் என்றால் அந்தத் தள்ளுதலுக்கு இன்னொரு ராக்கெட் வேண்டும். ஆனால் பீரங்கிக் குழாயை விட்டு வெளியே வரும் குண்டு ஏற்கெனவே அந்த வேகத்தில்தான் இருக்கிறது! அப்படியென்றால் தள்ளுகிற வேலையைப் பீரங்கியே பார்த்துக்கொள்ளும். குண்டு போகிற தூரம் 30 முதல் 50 சதவீதம் வரை கூடும் என்பது அந்தக் குழுவின் எதிர்பார்ப்பு.

இதில் எரிதலைப் பற்றி, காற்றோட்டத்தைப் பற்றித் தெரிந்த பேராசிரியர்கள் ஐ.ஐ.டி.யில் தாராளமாக உண்டு. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஜெனரல் வரவேண்டியதில்லை. ஆனால் குழாய்க்குள் வெடிக்கிற அந்தச் சில மில்லி செகண்டில் குண்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் தன் எடையைப் போல பத்தாயிரம் மடங்குக்கு மேல் அமுக்கத்தைத் தாங்கவேண்டும். தயாரித்த குண்டு ஏதோ ஒரு கிடங்கில் ராஜஸ்தான் வெயிலில் பல வருஷம் கிடந்த பிறகும் கெடாமல் இருக்கவேண்டும். பதினைந்தாயிரம் அடி உயரத்தில், கை விறைக்கிற குளிரில், இருட்டில், மூன்று நாள் தூங்காத ஒரு சிப்பாய் அதைத் தூக்கிப் பீரங்கியில் போடவேண்டும். அவன் இரண்டு நிமிஷத்தில் படிக்க முடியாத கையேடு அவனுக்குக் குப்பை. இந்தக் கவலைகள் பாடப்புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தில்கூட வராது. இவற்றை மேஜைக்குக் கொண்டுவர அங்கே வாழ்ந்த ஆள் வேண்டும்.

என் கட்சி இதுதான். தளபதி பேராசிரியராக வருவதை அவருடைய பதக்கங்களுக்காக நான் ஆதரிக்கவில்லை. நமக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும் என்பதற்காக ஆதரிக்கிறேன். அந்த ஒன்று இல்லையென்றால் சல்யூட் அடித்து வாசலோடு அனுப்பிவிடலாம்.

இரண்டாவது உதாரணம் ஏர் வைஸ் மார்ஷல் அர்ஜுன் சுப்பிரமணியம். மிக்-21, மிராஜ்-2000 ஓட்டிய போர்விமானி. முனைவர் பட்டம் வாங்கியது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் போர்த்திறவியல் துறையில். சுதந்திர இந்தியாவின் போர்களைப் பற்றி 2016-ல் ஒன்று, 2020-ல் ஒன்று என்று இரண்டு தடிமனான புத்தகங்கள் எழுதினார். ஓய்வுக்குப் பிறகு அசோகா பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஃப்ளெட்சர் பள்ளியிலும் பாடம் எடுத்திருக்கிறார். லெப்டினன்ட் ஜெனரல் பிரகாஷ் மேனனும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்தான். இந்தத் துறைக்கும் ராணுவத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. நீலகிரியில் வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படிக்கிற மேஜர்களும் அவர்களுக்குச் சமமான கடற்படை, விமானப்படை அதிகாரிகளும் வாங்குகிற எம்.எஸ்சி. பட்டம் சென்னைப் பல்கலைக்கழகம் தருவதுதான். மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நாம் பார்க்கிற அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு இப்படியொரு வேலையும் உண்டு.

போர் வரலாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பள்ளிக்கூடத்தில் பானிபட் போர் மூன்றையும் தேதியோடு மனப்பாடம் செய்தோம். 1962, 1965, 1971 பற்றி எத்தனை பக்கம் படித்தோம்? எண்ணிப் பாருங்கள். இதற்குப் புத்தகம் போட்டவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆவணங்களே வெளியே வரவில்லை. 1962 தோல்வியைப் பற்றி ராணுவமே எழுதிய ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. 2014-ல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் தன்னிடம் இருந்த பகுதியை இணையத்தில் போட்டதால் உலகம் பார்த்தது. 2021-ல்தான் பாதுகாப்பு அமைச்சகம், பொதுவாக 25 வருஷத்தில் ஆவணங்களைத் திறப்பது என்று ஒரு கொள்கை அறிவித்தது. காகிதம் பூட்டிக் கிடக்கிற நாட்டில், காகிதத்துக்குப் பதில் மனிதர்களின் ஞாபகம்தான் மிச்சம். அந்த ஞாபகம் உள்ளவர், முறையாக ஆய்வு செய்யவும் கற்றுக்கொண்டு வகுப்பறைக்கு வந்தால் அது லாபம்.

லாபத்தோடு ஒரு வில்லங்கமும் வருகிறது. தன் படையைப் பற்றித் தானே எழுதுகிறவர் தன் படையை எவ்வளவு தூரம் விமர்சிப்பார்? கூட இருந்து செத்தவர்களின் குடும்பங்களை நாளைக்கு எப்படி முகம் பார்ப்பார்? இந்தக் கேள்வியை என் நண்பன்தான் கிளப்பினான். நியாயமான கேள்வி. இதற்கு நான் சொன்ன பதில், அதே வகுப்பில் பக்கத்து அறையில் ராணுவத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வரலாற்றுப் பேராசிரியரும் இருக்கவேண்டும், மாணவர்கள் இரண்டு பேரிடமும் கேட்கவேண்டும் என்பது. ஒருவரை வெளியேற்றிவிட்டு இன்னொருவரை உட்காரவைத்தால்தான் ஆபத்து.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு, அது இன்னும் பெரியது. ராணுவம் உத்தரவில் ஓடுகிறது, பல்கலைக்கழகம் கேள்வியில் ஓடுகிறது. மேலே இருப்பவர் சொன்னால் மறுபேச்சு பேசாமல் செய்துதான் முப்பத்தைந்து வருஷம் பழக்கம். அவரிடம் போய் ஒரு இருபது வயதுப் பொடியன், "சார், நீங்க சொல்றது தப்பு" என்று எழுந்து நின்றால் என்ன ஆகும்? (நம் கல்லூரிகளில் ராணுவமே வராமல் இதற்கு என்ன ஆகும் என்று தெரியாதா, இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். உத்தரவுப் பழக்கம் யூனிஃபார்ம் போட்டவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை!)

உண்மையில் நல்ல அதிகாரிகள் பாதி வாழ்க்கை வாத்தியார்களாகத்தான் இருக்கிறார்கள். பயிற்சி மையங்களில் கற்றுத்தருவது அவர்களுக்குப் பதவி உயர்வுப் பாதையில் ஒரு பகுதி. வெலிங்டனில் மாணவராகவே ஒரு வருஷம் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திட்டம் போடுவதும் அதை மற்றவர்கள் கிழித்து எறிவதும்தான் வேலை. விவாதம் அவர்களுக்குப் புதிதில்லை. என் பயம் வகுப்பறையைப் பற்றியே இல்லை, நிர்வாக நாற்காலியைப் பற்றித்தான்.

லெப்டினன்ட் ஜெனரல் ஜமீருத்தீன் ஷா, ராணுவத்தின் துணைத் தலைமை அதிகாரியாக இருந்தவர், 2012 முதல் 2017 வரை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பேராசிரியராக ஒரு நாளும் இல்லாதவர் எப்படித் துணைவேந்தர் ஆகலாம் என்று அவருடைய நியமனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2002-ல் குஜராத்துக்கு அனுப்பப்பட்ட படைக்குத் தலைமை தாங்கியவர், அங்கே பார்த்ததை ஒளிக்காமல் பிற்பாடு புத்தகமாக எழுதினார். ஆனால் துணைவேந்தர் பதவி வேறு. கல்விக்குழு, தேர்வு, மாணவர் போராட்டம், ஆசிரியர் சங்கம் எல்லாவற்றையும் தலையில் சுமக்கிற இடம் அது. "ஒழுங்கு வரும்" என்ற ஒரே காரணத்துக்காக அங்கே ஜெனரலை உட்காரவைப்பது, பல்கலைக்கழகத்தை ஏதோ கலகம் நடக்கிற பிரதேசமாகப் பார்க்கிற புத்தி. லெப்டினன்ட் ஜெனரல் மாதுரி கனிட்கர் 2021-ல் மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார், அதை இதோடு சேர்க்கமாட்டேன். அவர் குழந்தைகள் மருத்துவர், புனேயில் ராணுவ மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி டீனாகவும் இருந்தவர். நட்சத்திரங்களைக் கழற்றி வைத்தாலும் அவர் பேராசிரியர்தான்.

இங்கே ஒரு கிளைக்கதை. 2017 ஜூலையில் டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர், மாணவர்களுக்கு தேசபக்தி ஞாபகம் வர வளாகத்தில் ஒரு டாங்க் வைக்கவேண்டும் என்று மத்திய அமைச்சர்களிடம் கேட்டார். அவர் ராணுவத்தில் இருந்தவர் இல்லை, எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியர்! டாங்க் ஓட்டிய யாரும் டாங்க்கைப் பார்த்தால் தேசபக்தி வரும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கிரீஸ் நாற்றமும் முதுகுவலியும் வரும் என்பார்கள்.

வெளிநாட்டுக் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் டேவிட் பெட்ரேயஸ், 2013-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியர் ஆனார். வாரத்துக்கு ஒரு வகுப்பு. அதற்குப் பேசப்பட்ட சம்பளம் ஒன்றரை லட்சம் டாலர். அதே பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆசிரியர்கள் ஒரு பாடத்துக்குச் சில ஆயிரம் டாலருக்கு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வெளியே வந்து ஊரே கத்தியதும் அவர் ஒரு டாலருக்கு நடத்துகிறேன் என்று இறங்கினார். போரை எதிர்த்த மாணவர்கள் அவரை நடைபாதையில் துரத்திக்கொண்டே கோஷம் போட்டது தனி. எனக்கு அந்தக் கோஷத்தைவிட அந்தச் சம்பளக் கணக்குதான் மனதில் நின்றது. ஏனென்றால் அந்தக் கணக்கு நம் ஊரிலும் இருக்கிறது.

அதற்குப் போகும் முன், நம் ஊர் என்றதும் காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. படை – படிப்பு என்ற இந்தப் பாதையில் இரண்டு பக்கமும் ஆட்களை அனுப்பிய ஊர் இது.

ஒரு பக்கம் மயூரசர்மன். நான்காம் நூற்றாண்டில் காஞ்சியின் கடிகையில், அதாவது அந்தக் காலப் பல்கலைக்கழகத்தில், வேதம் படிக்கத் தன் குருவோடு வந்த பிராமணப் பையன். இங்கே பல்லவனின் குதிரை வீரன் ஒருவனோடு தகராறு. அவமானம் தாங்காமல் தர்ப்பையைப் பிடித்த கையில் வாளைப் பிடித்து, காட்டுக்குள் போய்ப் படை திரட்டி, பல்லவர்களுக்கே தலைவலி கொடுத்து, கடம்ப வம்சத்தைத் தொடங்கினான். கர்நாடகத்தில் தாளகுந்தா கல்தூணில் இந்தக் கதை வெட்டப்பட்டிருக்கிறது. படிக்க வந்த மாணவனைச் சரியாக நடத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் என்னிடம் இல்லை.

மறுபக்கம் பரஞ்சோதி. பல்லவப் படைத்தலைவர். 642 வாக்கில் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் சாளுக்கியர்களின் வாதாபி விழுந்தது. அந்தப் போரில் பரஞ்சோதியின் பங்கைப் பெரிய புராணம் சொல்கிறது. (சேக்கிழாரும் நம் மாவட்டத்துக்காரர்தான், குன்றத்தூர்!) அவர் வெறும் வாள்வீரர் இல்லை, மருத்துவ நூலும் வடநூலும் யானையேற்றமும் குதிரையேற்றமும் கற்றவர். வெற்றிக்குப் பிறகு, இவர் சிவனடியார் என்று தெரிந்த மன்னன், இப்படிப்பட்டவரையா போருக்கு அனுப்பினேன் என்று வருந்தி, நிறைய பொருள் கொடுத்து விடை கொடுத்தான். தங்கக் கைகுலுக்கலோடு விருப்ப ஓய்வு! அவர் திருச்செங்காட்டங்குடிக்குப் போய் அடியார்களுக்குச் சோறு போட்டு, சிறுத்தொண்டர் ஆனார். கல்கி இதைச் சிவகாமியின் சபதத்தில் எடுத்துக்கொண்டபோது, பரஞ்சோதியைக் காஞ்சிக்குப் படிக்க வருகிற பையனாகவே அறிமுகப்படுத்தினார். படிக்க வந்தவன் தளபதி ஆகி, தளபதி தொண்டர் ஆகிறார். பெயரைப் பாருங்கள், பெரிய படையை நடத்தியவருக்கு "சிறு" தொண்டர். ஓய்வு பெற்ற பிறகும் கார் நம்பர் பலகைக்கு மேலே பதவியைப் பெரிதாக எழுதி ஒட்டுகிறவர்கள் இந்தப் பெயரை ஒரு தரம் உச்சரித்துப் பார்க்கலாம்.

மூன்றாவதாக ஒரு கூட்டம். சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளப் படைகள் வருகின்றன. தறியில் நாடா எறிந்த சமூகத்தின் பெயரிலேயே படைப்பிரிவுகள். அந்தக் காலத்தில் ஒரு கைக்கு ஒரு வேலைதான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம்.

2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு "புரபசர் ஆஃப் பிராக்டிஸ்" என்று ஒரு பதவிக்கு வழிகாட்டி வெளியிட்டது. தமிழில் நடைமுறைப் பேராசிரியர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தொழிலில் குறைந்தது 15 வருஷ அனுபவம், முடிந்தால் உயர்மட்டத்தில். பட்டம் கட்டாயமில்லை, ஆய்வுக் கட்டுரைகள் கட்டாயமில்லை. முதலில் ஒரு வருஷம், நீட்டித்து நீட்டித்து அதிகபட்சம் நான்கு வருஷம். அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எந்தெந்தத் துறையினர் வரலாம் என்ற பட்டியலில் பொறியியல், ஊடகம், இலக்கியம், நுண்கலை, சட்டம் ஆகியவற்றோடு ராணுவமும் உண்டு. (அப்போது மானியக் குழுவின் தலைவர், மேலே சொன்ன அதே டாங்க் கேட்டவர். உலகம் சின்னது.)

காகிதத்தில் படித்தால் நல்ல விதி. இந்த ஆட்கள் வருவதால் நிரந்தர ஆசிரியர் இடங்கள் குறையாது என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிரந்தர இடங்களை நிரப்பாமலே போட்டு வைத்திருக்கிற நாட்டில், இருப்பது குறையாது என்று சொன்னால் யாருக்கு என்ன ஆறுதல்? நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் என்று ஒரு இனம் உண்டு. பெயரில்தான் கௌரவம். நெட், செட், முனைவர் பட்டம் எல்லாம் வைத்துக்கொண்டு, நிரந்தரப் பேராசிரியர் நடத்துகிற அதே பாடத்தைப் பத்து வருஷம், பதினைந்து வருஷமாக நடத்துகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019-லேயே சொன்னது. நம் மாநிலத்தில் அதற்குப் பிறகும் சில வருஷங்கள் அதில் பாதிகூட வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சார் சாயங்காலம் டியூஷன் எடுத்துத்தான் வீட்டு வாடகை கட்டுகிறார். அவருக்கு முன்னால் போய், "சார், பட்டம் இல்லாமலே பேராசிரியர் ஆகலாமாம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் ஜெனரல் வேண்டாம் என்கிறேனா? இல்லை. ராம்ஜெட் குண்டுக்கு என்ன வேண்டும் என்று அந்த சாருக்குத் தெரியாது, அவரால் சொல்லவும் முடியாது. இரண்டு வேலையும் வேறு வேறு. ஒரு கல்லூரி முதலில் தன் காலி இடங்களை நிரப்பட்டும், பிறகு நடைமுறைப் பேராசிரியரைக் கூப்பிடட்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரிதான் இல்லை.

அடுத்தது, யார் அந்த "நடைமுறை" ஆள் என்பது. லெப்டினன்ட் ஜெனரல் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். சாதாரணச் சிப்பாய் நாற்பதை ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார். ஜெனரல் பேராசிரியர் ஆகலாம், கம்பெனி ஆலோசகர் ஆகலாம். ஹவில்தார்? உங்கள் ஊர் ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். சிக்னல்ஸ் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல், பனியில் உடைந்த வயர்லெஸ் செட்டைக் கையில் கிடைத்த கம்பியை வைத்து ஓட்டவைத்தவர். எங்கள் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஆசிலோஸ்கோப் கெட்டுப்போனால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த லேபுக்கு வாரம் இரண்டு மணி நேரம் அவரைக் கூப்பிட எந்த விதி தடுக்கிறது? 15 வருஷ அனுபவம் இருக்கிறது. "உயர்மட்டம்" என்ற ஒரு சொல்தான் இடிக்கிறது.

அந்தச் சொல் இடிக்கிற இன்னொரு ஆள் பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறார். ஒரு ஆள் இல்லை, நூற்றுக்கணக்கில்.

காஞ்சிப் பட்டில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், முந்தி இன்னொரு நிறம் என்று வருகிறதே, அது சாயத்தில் வருவதில்லை. கரைக்குத் தனிப் பாவு, உடம்புக்குத் தனிப் பாவு. இரண்டு பக்கமும் நாடாக்கள் தனித்தனியே ஓடி, ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவேண்டும். அதுதான் கோர்வை. ஒருவர் நெய்ய, எதிர்ப்பக்கக் கரைக்கு இன்னொருவர் உட்கார்ந்து நாடா வாங்கித் தருவார். முந்தி வரும் இடத்தில் பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதிய நிறப் பாவின் இழையோடு இணைக்கிற வேலைக்குப் பெட்னி என்று பெயர். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று தப்பினால் புடவை முழுக்க அது தெரியும். இதைச் செய்கிறவர் மனதில் ஓடுவது கணக்கு. பொறியியல் கல்லூரியில் அணிக் கோவை என்று பெயர் வைத்து நமக்குச் சொல்லித்தருகிறார்கள், நாம் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

2005-ல் புவிசார் குறியீட்டுக்கான பெருமை வந்தது என்று ஊரெல்லாம் பேனர் கட்டினோம். சென்னையிலிருந்து ஆடை வடிவமைப்பு மாணவர்கள் நோட்டும் கேமராவுமாக வருகிறார்கள், தறிக்காரர் சொல்வதை எழுதிக்கொண்டு போகிறார்கள், அது அவர்களுக்கு மதிப்பெண் ஆகிறது. சொன்னவருக்கு ஒரு டீ. கைவினைஞர்களைக் கல்லூரிக்கு அழைப்பதற்கென்று மானியக் குழு 2023-ல் தனி வழிகாட்டி கொண்டுவந்தது. சந்தோஷம். அதில் குரு என்று மரியாதையான பெயரெல்லாம் உண்டு, ஆனால் பேராசிரியர் என்ற பெயர் மட்டும் இல்லை. பீரங்கி தெரிந்தவர் பேராசிரியர், தறி தெரிந்தவர் குரு. ஏன் இரண்டு வாசல்?

(காஞ்சிபுரம் பெயரிலேயே ஒரு மத்திய உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது, வடிவமைப்பும் உற்பத்தியும் சொல்லித்தருகிற ஐ.ஐ.ஐ.டி. இருப்பது வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில். 2019-ல் மாவட்டம் பிரிந்ததும் அந்த இடமும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் எங்களோடு.)

நடைமுறையில் இது எப்படி நடக்கும் என்று நண்பன் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். இங்கே பெரும்பாலும் குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி மிதியை உள்ளே வைத்தது, அதைப் பெயர்த்துக் கல்லூரியின் இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் மாணவர்கள் தறி இருக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு வீட்டில் நாலு பேர், ஐந்து பேருக்கு மேல் நிற்க இடமில்லை, ஆகவே நாலைந்து வீடுகள். தேர்வு என்றால் ஒரு சாண் அகலக் கரைக்கு வடிவம் போட்டு, கணக்குப் போட்டு, அதைத் தறிக்காரரிடம் காட்டி, "இது ஓடாது தம்பி" என்று அவர் சொல்லாமல் இருக்கவேண்டும். மதிப்பெண் போடுவதும் அவரே.

மிச்சம் இருப்பது பணம். மானியக் குழு விதியில் மூன்று வகை உண்டு: தொழில் நிறுவனம் பணம் கொடுக்கிற நியமனம், கல்லூரி தன் சொந்தப் பணத்தில் செய்கிற நியமனம், கௌரவ நியமனம். ஓய்வூதியம் வாங்குகிற தளபதி மூன்றாவது வகையில் தாராளமாக வரலாம், பலர் வரவும் தயாராக இருப்பார்கள். நெசவாளருக்கு நாள் கூலியும் இல்லை, சேலை முடிந்தால்தான் கூலி. ஒரு நாள் தறியை விட்டு எழுந்து மாணவர்களோடு பேசினால் அவரோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் நாடா வாங்குகிறவரும் சும்மா உட்காரவேண்டும். அதனால் அவருக்கு முதல் இரண்டு வகையில் ஒன்றுதான், அதுவும் இரண்டு ஆள் கூலி போட்டு.